சின்னக் கல்லூரியில் பாராமெடிக்கல் பட்டம்: சேருவதற்கு முன்பும் சேர்ந்த பிறகும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில்தான் பல வீடுகளில் 'பாராமெடிக்கல்' என்ற பேச்சே கிளம்பும். எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று தெரிந்துவிட்டது, நர்சிங் வேண்டாம் என்று பிள்ளை சொல்கிறது, பக்கத்து ஊரில் நாலு மாடிக் கட்டடத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது, மாமாவுக்குத் தெரிந்தவர் அங்கே ஆபீசில் இருக்கிறார், சரி, சேர்த்துவிடலாம். இப்படிச் சேர்ந்து நன்றாக வந்தவர்களும் உண்டு, நாலு வருடமும் பணமும் போய் நிற்பவர்களும் உண்டு. நான் லேப் டெக்னாலஜி படித்துவிட்டு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன், வருடா வருடம் போஸ்டிங்குக்கு, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு, வரும் பிள்ளைகளோடுதான் என் பொழுது போகிறது. தமிழ்நாட்டில் சின்னக் கல்லூரியில், அதாவது ஒரு பிரிவுக்குப் பத்து இருபது பேர் மட்டும் படிக்கும் இடத்தில், இந்தப் பட்டம் படிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எந்தப் படிப்பு, யார் தரும் பட்டம்

பாராமெடிக்கல் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் உள்ளே இருபது வகைப் படிப்புகள் இருக்கின்றன. லேப், ரேடியோகிராபி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீசியா, கார்டியாக் டெக்னாலஜி, கிரிட்டிக்கல் கேர், ரெஸ்பிரேட்டரி தெரபி, விபத்து மற்றும் அவசர சிகிச்சை, பெர்ஃப்யூஷன், ஃபிசிஷியன் அசிஸ்டன்ட், ஆப்டோமெட்ரி. இவற்றில் பெரும்பாலானவை மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப் என்று நான்கு வருடம். எது 'ஸ்கோப்' உள்ளது என்று எல்லோரும் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: நாள் முழுக்க நோயாளியோடு பேசப் பிடிக்குமா, இல்லை மெஷினோடும் மாதிரிகளோடும் இருக்கப் பிடிக்குமா? டயாலிசிஸ் டெக்னீசியன் அதே நோயாளியை வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், வருடக்கணக்கில் பார்ப்பார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், சாவுக்கும் போக வேண்டியிருக்கும். லேபில் இருப்பவர் பல நோயாளிகளின் முகத்தையே பார்க்க மாட்டார். ஓ.டி.யில் இருப்பவருக்கு மணிக்கணக்கில் நிற்க இடுப்பு ஒத்துழைக்க வேண்டும். பெர்ஃப்யூஷன் என்பது இதய ஆபரேஷனின்போது இதய-நுரையீரல் மெஷினை ஓட்டுவது. திறந்த இதய ஆபரேஷன் நடக்காத ஆஸ்பத்திரியோடு இணைந்த கல்லூரியில் அதைச் சேர்ந்து படிப்பது, குளம் இல்லாத ஊரில் நீச்சல் கற்பதுதான்.

அடுத்தது, பட்டத்தை யார் தருகிறார்கள். சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1988 முதல் இயங்குகிறது. மாநிலத்தின் பெரும்பாலான சின்னக் கல்லூரிகள் அதன் இணைப்பில்தான் உள்ளன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டத்தைத் தாங்களே தருகின்றன, அதிலும் தவறில்லை. கவனிக்க வேண்டியது மூன்றாவது ரகம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் ஒரு 'இன்ஸ்டிட்யூட்', வேறு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர், 'வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதும்' என்ற வாக்குறுதி. நாடாளுமன்றம் 2021-இல் இந்தத் தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தவே கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2025-இல் தடை போட்டுவிட்டது. ஆகவே யாராவது 'கரஸ்ல பண்ணிக்கலாம்' என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. 'ஹெல்த்கேர் ப்ரொஃபஷனல்' என்ற நிலைக்குப் பட்டப்படிப்பு குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு வருடத்துக்குள் இருக்க வேண்டும். கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள். இப்படிக் கேட்கும் பெற்றோரைக் கண்டால் ஆபீசில் முகம் மாறும், பரவாயில்லை. கல்லூரிக்கு இணைப்பு இருக்கிறது என்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்த வருடத்துக்கு, எத்தனை இடத்துக்கு அனுமதி என்று பல்கலைக்கழகத்தின் பட்டியலிலேயே பாருங்கள். சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கும் அனுமதிக் கடிதம் பழையதாக இருக்கலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் ஆஸ்பத்திரியைப் பாருங்கள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். இந்தப் படிப்பில் வகுப்பறை பாதிகூட இல்லை. ஸ்மார்ட் போர்டு, ஏ.சி. ஹால், வாசலில் சரஸ்வதி சிலை எல்லாம் இருக்கட்டும், பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் போஸ்டிங் போகிறது என்பதுதான் அந்தப் படிப்பின் தரம். சொந்த ஆஸ்பத்திரியா, ஒப்பந்தம் போட்ட வெளி ஆஸ்பத்திரியா, எத்தனை கிலோமீட்டர், கல்லூரி பஸ் போகுமா என்று கேளுங்கள். பிறகு கல்லூரிக்குச் சொல்லாமல் ஒரு நாள் காலை எட்டரைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி.யில் உட்காருங்கள். கூட்டம் இருக்கிறதா? லேப் வாசலில் ரத்தம் கொடுக்க வரிசை நிற்கிறதா? டயாலிசிஸ் யூனிட்டில் எத்தனை மெஷின், அதில் எத்தனை ஓடுகிறது? எக்ஸ்ரே அறையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே போய் வருகிறார்கள்? பெரிய கட்டடமும் காலியான பெஞ்சுகளும் என்றால் அங்கே பிள்ளை கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. பழைய கட்டடம், பெயின்ட் உரிந்திருக்கிறது, ஆனால் நோயாளிகள் மொய்க்கிறார்கள் என்றால் தாராளமாக யோசிக்கலாம்.

அங்கே யூனிஃபார்மில் ஸ்டூடன்ட்ஸ் இருப்பார்கள். கேன்டீனில் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, மூன்று விஷயம் கேளுங்கள். பாடம் எடுக்க நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அதிலும் உங்கள் பிரிவில் படித்தவர் யார்? சின்னக் கல்லூரியில் ஒரே ஆள் ஹெச்.ஓ.டி.யாகவும் (துறைத் தலைவர்) மூன்று பாடத்துக்கு ஆசிரியராகவும் இருப்பது சகஜம். அவர் நல்லவராக இருந்துவிட்டால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் மூன்று பாடமும் போச்சு. இரண்டாவது, போஸ்டிங்கில் கையால் செய்ய விடுகிறார்களா, வேடிக்கை மட்டும்தானா? மூன்றாவது, ஆள் பற்றாக்குறைக்கு ஸ்டூடன்ட்ஸை டூட்டி போட்டு ஓட்டுகிறார்களா? முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கே நைட் டூட்டி என்றால் அங்கே படிப்புக்கு நேரம் இருக்காது. பெண் பிள்ளைகள் உடை மாற்ற அறை, நைட் டூட்டி முடிந்து ஹாஸ்டல் திரும்ப வண்டி, இதையும் கேட்டுவிடுங்கள். ஆபீசில் கேட்டால் 'எல்லாம் இருக்கு' என்றுதான் வரும்.

சின்னக் கல்லூரிக்கு ஒரு பெரிய அனுகூலமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பெரிய மருத்துவக் கல்லூரியில் ஒரு நோயாளியைச் சுற்றி எம்.பி.பி.எஸ். மாணவர், பி.ஜி., ஹவுஸ் சர்ஜன், நர்சிங் மாணவிகள் எல்லாம் நின்ற பிறகு கடைசி வரிசையில்தான் நமக்கு இடம். சின்ன ஆஸ்பத்திரியில் அந்தக் கூட்டம் கிடையாது. டெக்னீசியன் அண்ணனுக்கும் உங்களுக்கும் நடுவில் யாரும் இல்லை. இரண்டாம் வருடத்திலேயே கை பழகிவிடும். கேட்டால்தான் கிடைக்கும், கேட்காதவர்கள் மூன்று வருடமும் சுவரோரம் நின்றே முடித்துவிடுவார்கள்.

விண்ணப்பம், பணம், சான்றிதழ்

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்) படித்திருக்க வேண்டும். மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் தேர்வுக்குழு பாராமெடிக்கல் பட்டப்படிப்புகளுக்குத் தனியாக ஆன்லைன் விண்ணப்பம் வாங்கி, ரேங்க் பட்டியல் போட்டு, கவுன்சலிங் நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் தரும் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதில்தான் வரும். லேப், டயாலிசிஸ் போன்ற பி.எஸ்சி. படிப்புகளுக்கு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசின் ஜிப்மருக்கு நீட் மதிப்பெண் வேண்டும். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபிக்கு விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை நம்பாமல் அந்தந்த வருடத் தகவல் தொகுப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். மேனேஜ்மென்ட் இடத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோமே என்று கவுன்சலிங்குக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அதே கல்லூரி, அதே வகுப்பு, அரசு ஒதுக்கீட்டில் குறைந்த கட்டணத்தில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், இவற்றை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துவிடுங்கள். ஜூன் மாதத்தில் போனால் ஊரே அங்கே நிற்கும். பெயரின் இனிஷியல், எழுத்துக்கூட்டல் எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது சின்ன விஷயமாகத் தெரியும், நாளை வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வரும்போது அந்த ஒரு எழுத்து மாதக்கணக்கில் இழுக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, 'வருடத்துக்கு எவ்வளவு' என்று கேட்டால் டியூஷன் ஃபீஸ் மட்டும் சொல்வார்கள். யூனிஃபார்ம், பஸ், ஹாஸ்டல், மெஸ், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, 'ஹாஸ்பிடல் போஸ்டிங் சார்ஜ்' எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கும் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். இன்டர்ன்ஷிப் வருடத்துக்கும் ஃபீஸ் உண்டா, ஸ்டைபண்ட் (பயிற்சி உதவித்தொகை) தருவார்களா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். பல சின்னக் கல்லூரிகளில் ஸ்டைபண்ட் என்பதே இல்லை. ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-இலேயே சொல்லியாயிற்று. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எதையெதைக் கொடுத்தீர்கள் என்று சீல் போட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024-இலும் தொடங்கின. கல்லூரி வழியாகத்தான் பதிவு என்பதால், சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைப் பார்ப்பவர் யார் என்று கேட்டுப் பிடியுங்கள். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. வங்கிக் கடன் 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்கக் கூடாது, வித்யாலக்ஷ்மி தளத்தில் விண்ணப்பிக்கலாம். மேனேஜர் வாய்மொழியாக 'இந்தக் காலேஜுக்கு இல்ல' என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே வழி பிறந்துவிடுகிறது.

முதல் வருடம்: ஆங்கிலம்தான் பயம், வேறொன்றுமில்லை

உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், நோயியல் என்று முதலில் வரும் அடிப்படைப் பாடங்கள் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை முதல் மாதம் அழும். நிஜமாகவே அழும், நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது, முதலில் விஷயத்தைத் தமிழில் புரிந்துகொள், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகு என்பதுதான். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் உயிரியல் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். இதயம், சிறுநீரகம், நரம்பு எல்லாம் அதிலேயே பாதி இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860-களிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்து ஆட்களை உருவாக்கினார், ஆக மொழி இடம் கொடுக்காது என்பதெல்லாம் கதை. தேர்வு ஆங்கிலத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சொற்களை மொத்தமாக மனப்பாடம் செய்யாமல் துண்டு துண்டாகப் பிடியுங்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது, 'ஹைப்பர்' கூடுதல், 'ஹைப்போ' குறைவு, 'டாக்கி' வேகம், 'பிராடி' மந்தம். ஒரு ஐம்பது துண்டு தெரிந்தால் கேஸ் ஷீட்டில் பாதி புரிந்துவிடும். தினமும் ஒரு படம் வரையுங்கள், வரைந்து பாகம் குறியுங்கள். விடைத்தாளில் உங்கள் ஆங்கிலம் தடுமாறும் இடத்தில் அந்தப் படம் மதிப்பெண் வாங்கிக் கொடுக்கும்.

போஸ்டிங்

இங்கேதான் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் போனதும் உங்களுக்கு உண்மையான வாத்தியார்கள் யார் என்றால், பத்து வருடமாக அங்கே நிற்கும் டெக்னீசியன்கள், வார்டு சிஸ்டர், ஓ.டி. அண்ணன், சில சமயம் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவும். அவர்களில் பலர் டிப்ளமோவோ சர்டிபிகேட்டோ படித்தவர்கள். 'நான் டிகிரி' என்ற நினைப்போடு போகும் பிள்ளைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித் தர மாட்டார்கள். கால் மணி நேரம் முன்னாடி போய், மெஷின் ஆன் பண்ணும்போதே பக்கத்தில் நில்லுங்கள். டயாலிசிஸ் என்றால் காலையில் ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிப்பதிலிருந்து தொடங்குகிறது. ஒரு நோயாளிக்கு நாலு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது, அந்தத் தண்ணீர் கெட்டிருந்தால் மற்றதெல்லாம் வீண். ஒன்பது மணிக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பாடம் கடைசி வரை கண்ணில் படாது.

கேள்வி கேட்பதற்கும் நேரம் இருக்கிறது. அவசரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள், பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டு மதியம் கூட்டம் ஓய்ந்த பிறகு கேளுங்கள். லாக் புக்கை, அதாவது செய்த வேலைகளைக் குறிக்கும் நோட்டை, அன்றன்றே எழுதி அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். வருடக் கடைசியில் ஐம்பது பக்கத்துக்கு ஒரே நாளில் கையெழுத்து கேட்டு நிற்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

நோயாளியிடம் பேசுவதுதான் இந்த வேலையில் பாதி, அதை எந்தப் பாடத்திட்டமும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. ரத்தம் எடுக்கும் முன் 'நீங்கதான லட்சுமி?' என்று கேட்காதீர்கள். காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். 'உங்க பேரு என்னம்மா, வீட்டுக்காரர் பேரு என்ன?' என்று கேட்டு, ஓ.பி. நம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஒரே வார்டில் மூன்று லட்சுமி இருப்பார்கள். 'வெறும் வயித்துல வந்தீங்களா?' என்றால் 'ஆமா, ஒண்ணும் சாப்பிடல' என்பார்கள், ஆனால் காலையில் சர்க்கரை போட்ட டீ குடித்திருப்பார்கள். டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'டீ, காபி, கஞ்சித் தண்ணி ஏதாவது குடிச்சீங்களா?' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எக்ஸ்ரேவுக்கு முன் பெண்களிடம் கர்ப்பமா என்று நேராகக் கேட்டால் கூச்சத்தில் இல்லை என்றுவிடுவார்கள். கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, 'தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?' என்று கேட்டால் சரியான பதில் வரும். எம்.ஆர்.ஐ. அறைக்கு முன் தாலிச் செயின், தாயத்து, அரைஞாண், மெட்டி எல்லாம் கழற்றியாக வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்கும் அம்மாவிடம் அதட்டிப் பேசாமல், காரணத்தைச் சொல்லி, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று கூட வந்தவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அப்புறம், நோயாளியை 'பெட் நம்பர் ஆறு' என்று கூப்பிடாதீர்கள். அம்மா, ஐயா, பாட்டி என்று கூப்பிட்டால் ஊசி போடும் கைக்கே பாதி ஒத்துழைப்பு வந்துவிடும்.

என் துறையிலிருந்து ஒன்று. ரத்த ட்யூப் மூடியின் நிறம் அலங்காரத்துக்கு இல்லை, உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்று சொல்வது. வெளிர்நீலம் சிட்ரேட், உறைதல் சோதனைக்கு, அதில் ரத்தமும் மருந்தும் ஒன்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும் என்பதால் கோடு வரை நிரப்பியே ஆக வேண்டும். ஊதா இ.டி.டி.ஏ., ரத்த அணுக்கள் எண்ண. சாம்பல் ஃப்ளோரைடு, சர்க்கரைக்கு. ஒரு ட்யூபில் ரத்தம் பற்றவில்லை என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறி, கால்சியம் தரைதட்டி, டாக்டர் பதறி போன் செய்வார். இ.டி.டி.ஏ.வில் இருக்கும் பொட்டாசியம்தான் அங்கே கூடியது, கால்சியத்தையும் அதுவே கட்டிப்போட்டுவிட்டது. நோயாளிக்கு ஒன்றுமே இல்லை. சிரிஞ்சை வேகமாக இழுத்து அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் தினமும் நடப்பதும் இதுதான்.

உங்கள் உடம்பு

போஸ்டிங் தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பார்த்து 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. கல்லூரி போடும் என்று காத்திருக்காதீர்கள். ஆறு மாதம் ஆகும் வேலை என்பதால் சேர்ந்த மாதமே தொடங்க வேண்டும்.

நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் பிழியாதீர்கள், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பதுதான் ஆபத்து. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது, ஆரம்பிக்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மருந்து எங்கே இருக்கிறது, இல்லாவிட்டால் எந்த ஜி.ஹெச்.சுக்குப் போக வேண்டும் என்பதைக் குத்துவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடும் பழக்கமே வேண்டாம். ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவுக்கு, ட்யூபிங், கையுறை, ஊசி இல்லாத சிரிஞ்ச் சிவப்பு, ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள், கண்ணாடி நீலம். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் இவை. நீங்கள் மாற்றிப் போடும் ஊசி குத்துவது பை தூக்கும் அக்காவின் கையில்.

ரேடியோகிராபி பிள்ளைகள், உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் கேட்டு வாங்குங்கள், ஈய ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சருகே அணியுங்கள். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. பேட்ஜ் இல்லாமல் எக்ஸ்ரே அறையில் நிற்கச் சொன்னால் நிற்காதீர்கள். ஏப்ரனை மடித்து வைக்காதீர்கள், உள்ளே ஈயம் விரிசல் விடும், வெளியே தெரியாது.

ராகிங் இருந்தால் 1800-180-5522, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சின்னக் கல்லூரியில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்பதால் புகார் சொல்லத் தயங்குவார்கள். அந்த எண்ணில் பேர் சொல்லாமலும் சொல்லலாம்.

தேர்வு

மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பாஸ் என்பது 35 இல்லை, 50. பள்ளியில் கடைசி வாரம் படித்துத் தேறியவர்கள் இங்கேதான் அரியர் வைக்கிறார்கள். பழைய கேள்வித்தாள்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். பல பி.எஸ்சி. தாள்களில் வடிவம் இப்படி இருக்கும்: பத்து மதிப்பெண்ணில் மூன்று, ஐந்தில் எட்டு, மூன்றில் பத்து, மொத்தம் நூறு, மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் பத்து மதிப்பெண் கேள்விக்கு 18 நிமிடம், ஐந்துக்கு 9, மூன்றுக்கு ஐந்து நிமிடம் சொச்சம்தான். முதல் கேள்விக்கு முக்கால் மணி நேரம் காவியம் எழுதிவிட்டுக் கடைசிப் பத்தை விட்டால், அங்கே முப்பது மதிப்பெண் போகிறது. உங்கள் பிரிவின் அண்மைத் தாளை எடுத்து வடிவத்தை உறுதி செய்துகொண்டு, வாட்ச் வைத்து எழுதிப் பாருங்கள். ஐந்து வருடத் தாள்களை வரிசையாக வைத்தால் எந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது என்று தானே தெரியும்.

வருகைப் பதிவு குறைந்தால் ஹால் டிக்கெட் வராது. போஸ்டிங் வருகையும் கணக்கில் சேரும் என்பதை மறந்து, திருவிழாவுக்கு ஊருக்குப் போய் மாட்டிக்கொள்பவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. இன்டர்னல் மதிப்பெண்ணை வகுப்பில் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அனுப்பிய பிறகு திருத்த முடியாது.

இன்டர்ன்ஷிப்பும் அதற்குப் பிறகும்

முடிந்தால் இன்டர்ன்ஷிப்பில் கொஞ்ச காலமாவது வேறு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்க அனுமதி கேளுங்கள். சின்ன இடத்தில் கை பழகிவிட்டது, இனி சின்ன இடத்தில் இல்லாத மெஷின்களையும் சிக்கலான கேஸ்களையும் பார்க்க வேண்டும். எழுத்துமூலம் கல்லூரி அனுமதியும், அந்த ஆஸ்பத்திரியின் சான்றிதழும் வேண்டும், வாய்மொழியாகப் போய் உழைத்துவிட்டு வந்தால் அந்த மாதங்கள் கணக்கில் வராது.

வேலைக்கு வந்தால், தொடக்கச் சம்பளம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வருடம் அனுபவத்துக்காக என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரிஜினல் சான்றிதழை வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று 'பாண்டு' கேட்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அரசு வேலைக்கு மாநிலத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், மத்தியில் ரயில்வே, இ.எஸ்.ஐ.சி., எய்ம்ஸ் எல்லாம் அறிவிப்பு விடுகின்றன. அறிவிப்பில் கல்வித்தகுதி வரியை இரண்டு முறை படியுங்கள். சில டெக்னீசியன் பதவிகளுக்கு டிப்ளமோ அல்லது சர்டிபிகேட் என்று பெயர் சொல்லியே கேட்பார்கள், பட்டம் வைத்திருப்பவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். அநியாயமாகத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்கள் படிப்பு முடிந்து பொதுவாக இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும், உரிமத் தேர்வு எழுத வேண்டும், அதோடு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு. அவர்கள் உங்கள் ஜெராக்ஸைப் பார்ப்பதில்லை, பல்கலைக்கழகத்துக்கும் நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். அந்த ஆஸ்பத்திரி மூடிப்போயிருக்கலாம், ஹெச்.ஆர். பதில் போடாமல் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் போட்ட கடிதம் மூன்றையும் லெட்டர்ஹெட்டில் வாங்கி, ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். பட்டச் சான்றிதழுக்கு இன்டர்ன்ஷிப் முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். ப்ரொவிஷனலை (தற்காலிகச் சான்றிதழை) வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், விசா வந்த பிறகு கிண்டிக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருப்பார்கள்.